தானாக ஓடிய மூன்றாம் தறி

விசைத்தறிகளுக்கு அருப்புக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதிக்கொடுப்பவள் ஜெப ஷீலா. நல்ல பெண்தான், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் சுள்ளென்று கோபம் வந்துவிடும்.

தறிக்காரர் ராமசுப்பு அதைத்தான் செய்தார். கரண்ட் போய் வந்ததும், சுவிட்சை யாரும் தொடாமலே மூன்றாம் தறி ஓடியதாம்.

"அது சங்கரம்மாக்கா ஓட்டுன தறி தாயி. போன மாசம் தவறிட்டாக. இன்னும் வேலைய விடல போல. நான் கிட்டவே போறதில்ல."

ஷீலா தன் கண்ட்ரோல் பெட்டியை முதலில் பொருத்தியதே அந்தத் தறியில்தான். "கரண்ட் வந்தாலும் சுவிட்ச அணைச்சுப் போடுற வரைக்கும் ஓடாதுண்ணே. அதுக்குன்னு பூட்டு எழுதியிருக்கேன். தைரியமா தறிக்குள்ள கைய விட்டு அறுந்த இழையக் கட்டுங்க" என்று அதட்டினாள். வீட்டில் பத்துத் தடவை சோதித்த திமிர்.

அடுத்த வியாழன் பகலில் கரண்ட் போனது. மேஜைமேல் சோதனை மோட்டார் நின்றது. வழக்கம்போல ஷீலாவின் கை சுவிட்சை அணைத்தது. கரண்ட் போனதும் எல்லாச் சுவிட்சையும் அணைப்பது அந்த வீட்டுப் பழக்கம், இல்லாவிட்டால் டி.வி. புகைந்துவிடும் என்று அம்மா கத்துவாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்துச் சோதனையிலும் மோட்டாரை நிறுத்தி வைத்தது பூட்டு அல்ல, அவள் கை. தறிக்கூடத்தில் ஒருவரும் சுவிட்சை அணைப்பதில்லை.

லேப்டாப்பில் தறிக்கு எழுதிய புரோகிராமைத் திறந்தாள். உருவான நிமிஷமே மோட்டாரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பூட்டு அது. அதை உருவாக்கும் வரி இருந்தது. பூட்டின் பெயர், பக்கத்தில் ஒரு காலி அடைப்புக்குறி. அந்தக் குறியைப் பார்த்து, 'இந்தப் பெயரில் எங்கோ ஒரு கட்டளைத் தொகுப்பு இருக்கிறது' என்ற வெறும் அறிவிப்பாக எடுத்துக்கொண்டுவிட்டது, எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர். தப்பு என்றும் சொல்லவில்லை. பூட்டு ஒருநாளும் உருவாகவே இல்லை. இத்தனை நாளும் இல்லாத ஒன்றை நம்பியிருந்தோம் என்று நினைக்கையில் பட்டப்பகலில் அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

தறிக்கூடத்துக்கும் அதே கரண்ட் லைன்தான். ராமசுப்புவுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லு தாயி, இழை கட்டிக்கிட்டிருக்கேன்."

"கைய வெளிய எடுங்கண்ணே! எடுங்க!"

கரண்ட் வந்தது; ஷீலா அணைக்க மறந்திருந்த ஃபேன் தலைக்குமேல் சுற்றியது. போனுக்குள் தறி தடதடத்தது. "அண்ணே! அண்ணே!" என்று கத்தினாள்.

"எடுத்துட்டேன்" என்றார் ராமசுப்பு.

"அது சங்கரம்மாக்கா இல்லண்ணே. என் தப்பு" என்று ஷீலா அழுதாள்.

"பயந்துக்கிட்டிருந்த வரைக்கும் நான் கையே வைக்கல தாயி. நீ சொன்ன பொறவுதான் வச்சேன்."