பெயிண்ட் அடித்த பாலம்

பாலத்துக்கு அடியில் இறங்கி இரும்பு பீமைச் சுத்தியலால் தட்டினேன். துரு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. பாலத்தைத் தாங்கும் கரையோரக் கருங்கல் சுவரின் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீர் மண்ணை அரித்துவிட்டு ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பொந்து. சுவரின் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது.

சேறும் சகதியுமாக மேலே ஏறி வந்தேன். பாலத்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பாலத்துக்கு என்னா மிஸ் குறை? போன மாசந்தானே பெயிண்ட் அடிச்சாங்க?"

அடித்திருந்தார்கள்தான். கைப்பிடி முழுக்கப் பளபளவென்று மஞ்சளும் கறுப்பும். அடியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் ரோட்டில் இருந்தது அந்தப் பாலம். பாலங்களைப் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று சொல்வது என் உத்தியோகம். அந்தத் தோட்டத்து லய வீடுகளில் ஒன்றில்தான் என் அக்கா குடும்பம் இருக்கிறது. அந்தப் பாலம் மட்டும் வேறு எங்காவது இருந்திருக்கலாம்.

பஸ்ஸும் லொறியும் போகக்கூடாது, ஆட்டோவும் வேனும் போகலாம் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். பாலத்தின் இரண்டு பக்கமும் பீப்பாய்களில் கொங்கிறீட் நிரப்பி வைத்து வழியைக் குறுக்கினோம். பழுதுபார்ப்பது எப்போது என்று கேட்டதற்கு மட்டும், "பார்ப்போம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானமே அக்கா போன் எடுத்தாள்.

"ஏன்டி, பஸ்ஸ நிப்பாட்டினது நீயாமே? அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு நான் மலையேறணுமா? லயமே என்னைய ஏசுது!"

"பாலம் மோசமா இருக்குக்கா."

"நேத்துக்கூட பஸ் போச்சே!"

கந்தப்பளைப் பக்கம் வேறு பாலம் பார்க்கப் போனாலும் இதே பேச்சு. நேத்துப் போச்சே, காலையில போச்சே. இரும்பு தேய்வதும் மண் அரிபடுவதும் பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. சொன்னாலும், நான் என்னவோ வேண்டுமென்றே பாலத்தைக் கெடுத்த மாதிரிப் பார்க்கிறார்கள்.

அடுத்த வாரம் போனேன். பீப்பாய்கள் ஓரமாக உருண்டு கிடந்தன. ஆள் வைத்து நிமிர்த்தினேன். திரும்பவும் உருட்டினார்கள். பொறுக்கமுடியாமல், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே போய் நின்று எல்லாருக்கும் விளக்கினேன். பஸ் டிரைவரும் வந்திருந்தார்.

"ஆளுங்கள இறக்கி நடக்க விட்டுட்டு, வெறும் பஸ்ஸ மெதுவா கொண்டு போறேன் மிஸ்."

"அண்ணே, உள்ள இருக்கிற ஆளுங்களவிட வெறும் பஸ்ஸுதான் பாரம் கூட."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைச் சேர்ந்தவள் என்று காட்டிக்கொள்ளவே அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

பிறகு அடைமழை பிடித்தது. ஆறு எப்படியிருக்கிறது என்று பார்க்க ஒரு காலை வேளையில் போனேன். பாலத்துக்கு நடுவே கோயில் கட்டடத்துக்கு மணல் ஏற்றிய லொறி நின்றது. பின்சக்கரம் தளத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து குதித்துக் கரைக்கு ஓடிவந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நானா அவருக்குப் பிளேன்டீ கொடுத்தார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"பீப்பாய உருட்டினது யாரு?" என்று கத்தினேன். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே முன்னால் வந்தார்.

"இவ்வளவு மோசம்னு நீங்க முன்னாடியே கண்டிப்பா சொல்லியிருக்கணும் மிஸ்."

போய் மழையில் நின்றேன்.

பாலத்தை முழுதாக மூடிய பிறகுதான் அந்தப் "பார்ப்போம்" அசைந்தது. தற்காலிக இரும்புப் பாலம் ஒன்று வந்தது. முதல் பஸ் போகும்போது நான் பாலத்தின் அடியில் நின்று ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். பஸ் பத்திரமாக அந்தப் பக்கம் போய் நின்றது. ஜன்னலில் அக்காவின் தலை.

"மேல வாடி, சோறு ஆக்கியிருக்கேன்!"

போனேன். கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

"இனி இது நல்ல பாலந்தானே?" என்றாள்.

"இப்போதைக்கு. மழைக்காலம் முடிஞ்சதும் திரும்ப வந்து பார்க்கணும்."

"ஆரம்பிச்சிட்டா" என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள்.