முன்மொழிந்து வழிமொழிந்த பிள்ளை

எங்கட சங்கத்துப் பெரிய மனிசருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஒராள் முன்மொழிஞ்சு இன்னொராள் வழிமொழிஞ்சிட்டால் எந்த அநியாயமும் நியாயமாகிப் போகும் எண்டதுதான் அது. நாட்டுச் சட்டம், நீதவான், பெத்த தாய், ஒண்டும் வேண்டாம். நாலு பேர் கையைத் தூக்கினால் காணும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட அந்தச் சங்கம் நடத்தின சிறுமியர் இல்லத்தில நான் மேற்பார்வைக்கு இருந்தனான். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டிட்டுப் போய்க் கொஞ்சக் காலம். அவன் போயிட்டான், அவன்ர கந்தோர்ப் பழக்கத்தை மட்டும் எங்கட தலைவர் தன்னோட வைச்சுக்கொண்டார். தளத்தில பெரிய கிளாக்கராய் இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளைக் கால்சட்டை, பொக்கற்றுக்குள்ள சங்கிலி போட்ட மணிக்கூடு. கூட்டம் எண்டால் ஆளுக்கு உயிர். குசினிக்கு ஒரு அகப்பை வாங்கிறதெண்டாலும் ஒராள் எழும்பி முன்மொழிய வேணும்.

அதுக்குள்ளயும் அவருக்குச் சரியான விருப்பம் மௌன அஞ்சலியில. வருஷப் பொதுக்கூட்டத்தில, அந்த வருஷம் மோசம்போன அங்கத்தவர்களை நினைச்சு எல்லாரும் ரெண்டு நிமிஷம் எழும்பி நிக்க வேணும். மணிக்கூட்டைக் கையில பிடிச்சுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிப்பார். கண்ணை மூடினால் மணிக்கூடு எப்பிடித் தெரியும் எண்டு கேக்க ஒருத்தருக்கும் துணிவில்லை. ஒருக்கா ஆரோ இருமினதுக்கு, "அஞ்சலி குழம்பிப் போச்சு" எண்டு திரும்ப முதல்ல இருந்து தொடங்கினவர். அண்டைக்கு அஞ்சலி செலுத்தின அந்தச் செத்த மனிசன் உயிரோட இருக்கேக்க அவரோட ரெண்டு வருஷமாய் முகங்குடுத்துக் கதைக்காத ஆள்தான் இவர். என்ன பம்மாத்து!

இனி அந்தப் பிள்ளையின்ர கதைக்கு வாறன். குச்சவெளிப் பிள்ளை. பத்து வயது இருக்கும். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத மனிசன். தாய்க்கும் கசநோய் வந்து, தூர ஆஸ்பத்திரியில நெடுநாள் படுக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டினம். அதால பிள்ளையை எங்களிட்டக் கொண்டு வந்து விட்டவ. "சுகமாகி வந்து கூட்டிக்கொண்டு போவன் ஐயா" எண்டு தலைவருக்கு முன்னால நிண்டு சொன்னதை நான் என்ர காதால கேட்டனான். அவரும் "ஓம், ஓம், இது உங்கட வீடு மாதிரித்தானே" எண்டவர். அண்டையில இருந்து அந்தப் பிள்ளை பின்னேரம் றோட்டால பஸ் போகேக்கெல்லாம் வாசல் படலைக்கு ஓடும். "அக்கா, இது குச்சவெளி பஸ்ஸோ?" எண்டு கேக்கும். கண்டி பஸ்ஸுக்கும் அதே கேள்விதான்.

அந்த நேரம் பாத்துத் தலைவற்ற மகளுக்குக் கொழும்பில குழந்தை பிறந்துது. வீட்டோட நிண்டு பாக்க ஒரு பெட்டை வேணுமாம். எங்கட சங்கத்தில இதுக்கு ஒரு வடிவான பேச்சு இருந்தது: "நல்ல இடத்தில விடுறது". வேலைக்காரி எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். வாய் கூசும். அதுக்கு முதலும் பாலையூற்றுப் பெட்டை ஒண்டைக் கண்டியில நல்ல இடத்தில விட்டவை. ஒரு ஆடி அமாவாசைக்கு எசமான் ஆக்களோட வந்துது, இடுப்பில அவையின்ர பிள்ளை. "எத்தினையாம் வகுப்புப் படிக்கிறாய்?" எண்டு கேட்டன். சிரிச்சிட்டு இடுப்புப் பிள்ளையை மற்றப் பக்கம் மாத்திச்சுது.

குச்சவெளிப் பிள்ளையின்ர விஷயம் நிர்வாகக் கூட்டத்துக்கு வந்த அண்டைக்குத் தலைவர் எழும்பினார். "இது என்ர குடும்ப விஷயம். நான் தலைமைக் கதிரையில இருந்து முடிவெடுக்கிறது முறையில்லை" எண்டார். சொல்லிப்போட்டு விறாந்தைக்குப் போய்ச் சுருட்டுப் பத்திக்கொண்டு நிண்டார். பாருங்கோ நேர்மையை! உள்ளுக்க தனாதிகாரி முன்மொழிஞ்சார், செயலாளர் வாத்தியார் வழிமொழிஞ்சார். எல்லாக் கையும் எழும்பிச்சுது; சம்பளத்துக்கு நிண்ட எனக்கு வாக்கில்லை. வாத்தியார் யன்னலால எட்டி "முடிஞ்சுது ஐயா" எண்டார். அவர் சுருட்டை அணைச்சுப்போட்டு வந்து இருந்தார். தன்ர நேர்மையில தனக்கே கண் கலங்கின மாதிரி ஒரு முகம்.

எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. சிறுபிள்ளைகளின்ர விஷயம் பாக்கிற நன்னடத்தை உத்தியோகத்தரிட்டப் போய்க் கேட்டன். தாய் உயிரோட இருக்கேக்க அவவின்ர சம்மதம் இல்லாமல், இல்லாட்டி நீதவானின்ர கட்டளை இல்லாமல், பிள்ளையை ஒரு இடமும் அனுப்பேலாது எண்டு அந்த மனிசன் தெளிவாச் சொன்னார். தான் மூதூர்ப் பக்கம் போறதாகவும் திரும்பி வந்து விசாரிக்கிறதாகவும் சொன்னார். வர ஒரு மாசம் செல்லுமாம். நான் நேர தலைவரிட்ட வந்து அப்பிடியே சொன்னன்.

"பிள்ளை, உமக்கு எனக்குச் சட்டம் படிப்பிக்கிற வயசில்லை" எண்டார். "ஏகமனதாய் நிறைவேறின தீர்மானம். ஒருத்தரும் எதிர்க்கேல்லை."

"தாயைக் கேட்டனீங்களோ ஐயா?"

"தாய் சங்கத்தில அங்கத்தவர் இல்லையே!"

இதை அவர் பகிடிக்குச் சொல்லேல்லை. சத்தியமாய் அப்பிடித்தான் நினைச்சவர்.

அடுத்த கிழமை தாய் வந்து நிண்டா. சுகமாக்கி அனுப்பிப்போட்டினம். மெலிஞ்சு போய், ஆனால் கண்ணில வெளிச்சத்தோட, பிள்ளைக்கு ஒரு புதுச் சட்டைத்துணியும் கொண்டு வந்தவ. பிள்ளை அப்ப பள்ளிக்கூடத்தில. தலைவர் இருக்கச் சொல்லவுமில்லை. பிள்ளையைத் திருப்பிக் குடுக்கிறதெண்டால் அதுக்குத் தீர்மானம் வேணுமாம். அடுத்த நாள் நடக்கிற வருஷப் பொதுக்கூட்டத்தில "ஏனைய விடயங்கள்" எடுக்கேக்க பாப்பினமாம். அதுக்கிடையில தொட்டால் களவு, பொலிசில சொல்லவேண்டி வரும் எண்டும் வெருட்டிவிட்டார். ஏனைய விடயங்கள் எண்டது பிரதம விருந்தினர் பேசி, தேத்தண்ணி குடிச்சு, நன்றியுரையும் முடிஞ்சு கடைசியாய் வாற சாமான். பிள்ளையை ஏத்திப்போக வந்த தலைவற்ற மருமகன்ர கார் அதுக்கு முதலே கொழும்புக்கு வெளிக்கிட இருந்தது. பிள்ளையின்ர றங்குப் பெட்டியைக் காருக்க ஏத்தியும் போட்டினம்.

படலையடியில நான் அவவைப் பிடிச்சன். "தங்கச்சி, உங்கட பிள்ளை. ஒரு தீர்மானமும் வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டன்.

"பொலிசில பிடிச்சுக் குடுப்பினமாம் அக்கா. நான் உள்ளுக்கப் போயிட்டால் பிள்ளைக்கு ஆர்?" எண்டு அழுதா. என்ன சொன்னாலும் கேக்கேல்லை. பெரியவை சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் எண்டு பழகின மனிசி. கடைசியில, கூட்டத்துக்கு வந்து பின்னுக்கு நில்லுங்கோ, உங்கட கதையை நான் முதலே எடுப்பன் எண்டு சொல்லி அனுப்பினன்.

கூட்டத்தண்டைக்கு மண்டபம் நிரம்பிப் போச்சு. அந்தப் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, ரிபன் கட்டி, கையில மாலைத் தட்டையும் குடுத்து மேடைக்குப் பக்கத்தில நிப்பாட்டினவை. பிரதம விருந்தினருக்கு மாலை போடுறது அதுதான். மாலை போட்ட கையோட காருக்க ஏத்துற ஒழுங்கு. தாய் வாசல் தூணோட ஒட்டிக்கொண்டு நிண்டா. குச்சவெளி பஸ் எங்கட படலையடியால போற நேரமும் கிட்டிக்கொண்டு வந்துது.

நான் எழும்பி, "தலைவர் அவர்களே, ஒரு அவசர விஷயம்" எண்டு தொடங்கினன். "நிகழ்ச்சி நிரலில இல்லை, இரும்" எண்டார். வாத்தியார் கூரையைப் பாத்தார். பிறகு தலைவர் மணிக்கூட்டை வெளியில எடுத்து, மோசம்போன ஆயுட்கால அங்கத்தவர் ஒருத்தற்ற பேரைச் சொல்லி, எல்லாரையும் எழும்பச் சொன்னார்.

எழும்பினம். தலைவர் கண்ணை மூடினார். அதைப் பாத்து முன்வரிசை முழுக்கக் கண்ணை மூடிச்சுது. துறைமுகத்தில ஒரு கப்பல் ஊதிச்சுது, அதுக்குப் பிறகு காகம் கூடக் கத்தேல்லை.

அப்பதான் தாய் நடந்து வந்தா. அவவுக்கு மௌன அஞ்சலி எண்டால் என்னெண்டு தெரியாது. எல்லாரும் எழும்பினதைப் பாத்துக் கூட்டம் முடிஞ்சு போச்செண்டு நினைச்சனான் எண்டு பிறகு எனக்குச் சொன்னவ. இனி ஒருத்தரும் தன்ர பேச்சை எடுக்கப்போறேல்லை எண்டு நெஞ்சு பதறித்தான் வெளிக்கிட்டிருக்கிறா. நடுவால நேர மேடையடிக்குப் போனா. வாத்தியார் கண்டவர். அவற்ற வாய் திறந்து மூடிச்சுது. சத்தம் போட்டால் அஞ்சலி குழம்பும், குழம்பினால் தலைவர் ஆளைத் தொலைச்சுப்போடுவார். அந்த மனிசன் ரெண்டு பயத்துக்கும் நடுவில வியர்த்து வழிஞ்சுகொண்டு நிண்டார். அப்பிடிச் சிரிப்பு என்ர சீவியத்தில எனக்கு வந்ததில்லை, அழுகையும் வந்ததில்லை.

தாய் பிள்ளையின்ர கையைப் பிடிச்சா. பிள்ளை அசையேல்லை. தாயைக் கண்டு சொண்டெல்லாம் நடுங்குது, கண்ணால தண்ணி ஓடுது, ஆனால் அசையேல்லை. பெரியவை எழும்பி நிண்டால் மரம் மாதிரி நிக்க வேணும் எண்டு நாங்கள்தானே பழக்கினது. என்ர முகத்தைப் பாத்துது.

"போ பிள்ளை!" எண்டன். மண்டபம் முழுக்கக் கேக்கத்தான் சொன்னனான். "அம்மாவோட போ!"

தட்டைக் கதிரையில வைச்சிட்டுப் பிள்ளை தாயோட ஓடிச்சுது. அதுகள் வாசலைத் தாண்டினாப் பிறகுதான் தலைவர் கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பாத்தார். முகம் சிவந்து போச்சு. "அஞ்சலி குழம்பிப் போச்சு" எண்டார். பிறகு, மணிக்கூட்டைத் தூக்கிப் பிடிச்சு, கண்ணை மூடி, திரும்ப முதல்ல இருந்து தொடங்கினார். முழு மண்டபமும் அவரோட சேர்ந்து திரும்பவும் கண்ணை மூடிச்சுது. படலையடியில பஸ் வந்து நிண்ட சத்தமும், வெளிக்கிட்ட சத்தமும் எனக்கு வடிவாய்க் கேட்டுது.

மாலை போடக் கூப்பிட்டால் ஆள் இல்லை. பிறகு நடந்த கூத்தைச் சொல்லி வேலையில்லை. தலைவர் பொலிசுக்குப் போறன் எண்டு துள்ளினார். "போங்கோ ஐயா, ஆரின்ர கட்டளையில பிள்ளையைக் கொழும்புக்கு ஏத்த இருந்தனீங்கள் எண்டு அவையும் கேப்பினம்" எண்டன். அவர் போகேல்லை. நான் போய் அந்த றங்குப் பெட்டியைக் காரில இருந்து இறக்கி, அடுத்த நாள் குச்சவெளி பஸ்ஸில ஏத்திவிட்டன்.

என்னை அவையள் வேலையால சும்மா நிப்பாட்டேல்லை. முறை இருக்கே! ஒராள் முன்மொழிய, இன்னொராள் வழிமொழிய, ஒரு விசாரணைக் குழு வைச்சவை. மேசைக்கு அங்கால தலைவர், தனாதிகாரி, வாத்தியார். இங்கால நான். தாயைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லு இல்லை. தலைவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"மௌன அஞ்சலி நேரத்தில நீர் கதைச்சனீரோ?"

"ஓம்" எண்டன். "கதைச்சனான்."