டீச்சர் வீட்டு ரேடியோ

அந்த வருடம் எனக்கு வியாழக்கிழமைகளாகத்தான் நினைவிருக்கிறது. மற்ற நாட்கள் ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லைப்போல மங்கலாகத் தெரிகின்றன. கையை விட்டால் கலங்கிவிடுகின்றன.

என் கணவர் மதுரையில் குடிநோய் சிகிச்சை நிலையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். மறுபடி மறுபடி போய்வர அலுவலகத்தில் லீவு கிடைக்காது. அதனால் அங்குள்ள ஆலோசகர் வியாழன்தோறும் மாலை ஐந்தரைக்குப் போனில் பேசுவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் போன் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு டீச்சரின் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

டீச்சரிடம் சொன்னது வேறு. "பிள்ளைக்கு மதுரையில ஒரு டாக்டர் பாக்குதாரு டீச்சர். அவரு பேசுவாரு."

டீச்சர் என் இடுப்பில் இருந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா கொழுக்கட்ட மாதிரில்லா இருக்கான். என்ன செய்யுதாம்?"

"பசி எடுக்க மாட்டேங்குது" என்றேன். அவன் அப்போது டீச்சர் கொடுத்த இரண்டாவது ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பொய் பிள்ளைமேல் பலித்துவிடுமோ என்று பயம். புதன்கிழமையே நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். சூடா, என் கைதான் சூடா என்று மறு கையாலும் தொட்டுப் பார்ப்பேன்.

போன் மணி அடித்ததும் டீச்சர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, திருத்த வேண்டிய நோட்டுகளோடு அடுக்களைக்குப் போய்விடுவார். நாங்கள் வருவது தொந்தரவு போலிருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஆலோசகரை நான் பார்த்ததே இல்லை. அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும், திருச்செந்தூரில் சந்நிதிக்குள் நிற்கும்போது மதிலுக்கு அப்பால் கடல் கேட்குமே, அது போல. அடுத்தவர் வீட்டுப் போன் என்று அவருக்குத் தெரியும். ஆமா, இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற மாதிரியே கேட்பார். முதலில் என்னிடம். தூங்குகிறாரா? ஆமா. கோபப்படுகிறாரா? இல்லை. பிறகு என் கணவரிடம். அவரும் ஆமா, இல்லை. வெளியே வேப்பமரத்தில் மஞ்சள் வெயில் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நாலைந்து நிமிடமும் நாங்கள் மூன்று பேரும் தரையில் கால் பாவாமல் எங்கோ நிற்பதுபோல இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் கணவர் தாமதமாக வந்தார். வாயில் கிராம்பு வாசம். குடித்த நாட்களில் வாடையை மறைக்க அவர் மெல்லுவது கிராம்புதான். நான் கேட்கவில்லை. கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தேன். வியர்வை, பஸ் புகை, கிராம்பு. மறுபடி முகர்ந்தேன். நான் கேட்டு, அவர் குடித்திருக்கவில்லை என்றால் மனசு உடைந்து அதனாலேயே குடித்துவிடுவாரோ. கேட்காமல் விட்டால் துணிச்சல் வந்துவிடுமோ. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

வியாழக்கிழமை ஆலோசகர் கேட்டார்: "உங்களுக்குச் சந்தேகம் ஏதாவது இருக்கா?"

என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இல்ல" என்றேன். ரிசீவரைக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ரேடியோ பாட்டின் நடுவில் நின்றது. அடுக்களையில் நோட்டுத் தாள் திரும்பும் சத்தம்கூடக் கேட்டது. அவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். ஆமா, இல்லை என்று முடித்திருக்கலாம்.

"செவ்வாய்க்கிழம கடை வாசல் வரைக்கும் போயிட்டேன் சார். உள்ள போகல. ஆனா பழைய பழக்கம், போறதுக்கு முன்னாலயே கிராம்பு வாங்கி வாயில போட்டாச்சு. வீட்டுல இவளுக்கு வாசம் பட்டிருக்கும். சட்டைய மோந்து பாத்தா, நான் பாத்தேன். ஒண்ணும் கேக்கல." ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "கேட்டாக்கூட பரவால்ல சார்."

அடுக்களையில் தாள் திரும்பவில்லை. நான் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் பேசி முடித்தபின் டீச்சர் வந்தார், கையில் சிவப்பு மைப் பேனா. என்னிடம் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பார்த்து, "தம்பி, அடுத்த வியாழக்கிழம நாங்க நாசரேத்துக்குக் கல்யாணத்துக்குப் போறோம். சாவியக் குடுத்துட்டுப் போறேன். போன எடுத்துப் பேசிருங்க, என்ன?" என்றார்.

திரும்பும்போது தெருவில் அவரிடம் கேட்டேன். "நெசமாவே உள்ள போகலியா?"

"போகல" என்றார். கொஞ்சதூரம் நடந்து, "இன்னொரு தடவ கேளு" என்றார். கேட்டேன். "போகல."

அடுத்த வியாழக்கிழமை ஆளில்லாத வீட்டைத் திறந்து ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். மணி அடித்தது. அன்று என்ன கேட்பார், இவர் என்ன சொல்வார் என்று ஒவ்வொரு சொல்லும் எனக்கு வேண்டியிருந்தது. நான் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.