இறக்கைக்கு விரித்த ஷீட்டு

ஜப்பான்காரர் மலாயாவை ஆண்ட காலத்தில் என் கணவர் சுங்கை பட்டாணியை அடுத்த ஒரு சிறு ஸ்டேஷனில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். தண்டவாளத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொடுத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது ஏழு மாதம், எனக்கு இருபது வயது. எதற்கும் பயப்படுகிற சுபாவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பிள்ளை பிறந்த பிறகு அது இன்னும் கூடிப்போனது. அவள் அதிக நேரம் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். தூங்காவிட்டால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடுவேன்.

ஆனால் அந்த நாட்களில் எல்லாப் பயமும் கடைசியில் சயாமில்தான் போய் முடியும். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுவதற்காக ரப்பர்த் தோட்டம் தோட்டமாக ஆண்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. ரயில்வேக்காரர்களைத் தொட மாட்டார்கள் என்று சொன்னார்கள். தவறு செய்யாத வரையில்தான் அதுவும். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருந்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்காரரின் கைப்பிழையால் ஒரு வண்டி தடம் இறங்கியது. அந்த வாரமே அவரும் சயாம் பட்டியலில் போனார். அதன் பிறகு கணவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், இன்றைக்கு ஒன்றும் தப்பாகிவிடக் கூடாதே என்பதுதான் என் வேண்டுதல்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து விமானத் திடலிலிருந்து இறக்கைகள் வரத் தொடங்கின. அடிபட்ட விமானங்களைப் பிரித்து, பழுது பார்ப்பதற்காகச் சிங்கப்பூருக்குக் கூட்ஸ் வண்டியில் அனுப்புவதென்று உத்தரவு. உடல் பகுதியை எப்படியோ ஏற்றிவிட்டார்கள். இறக்கைதான் கஷ்டம். படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் வண்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். நிறுத்தி வைத்தால் பாலத்தில் இடிக்கும். அதனால் திறந்த வண்டி ஒன்றில் ரப்பர் மரச் சட்டத்தால் சாய்வாக ஒரு தாங்கி அடித்து, அதில் இறக்கையைச் சாய்த்து வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. நீளமும் ஒரு வண்டிக்கு அடங்காது. நுனி நீட்டிக்கொண்டிருக்க முன்னால் ஒரு வெறும் வண்டியைக் கோர்ப்பார்கள்.

வழியில் எங்கும் இடிக்காது என்பதற்குக் கணவர்தான் பொறுப்பு. மூங்கிலை வளைத்து, சாய்த்த இறக்கையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரு சட்டம் செய்தார். இரண்டு ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் நடக்க, இவர் பின்னால் போய் ஒவ்வொரு சிக்னல் கம்பத்தையும் பார்த்து வந்தார். கூப்பிடு தூரத்தில் ஒரு கம்பம் மூங்கிலில் உரசியது. அதைப் பிடுங்கித் தள்ளி நட்டார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது காலில் கொப்புளம். "கம்பத்துக்கும் ரெக்கைக்கும் நடுவுல நாலு விரக்கடை. அதான் நம்ம குடும்பத்தோட ஆயுசு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் இன்னோர் உத்தரவு வந்தது. மரத்தில் பட்டு இறக்கை கீறக் கூடாது, நடுவே மெத்தை போட வேண்டும், அதற்காகக் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு இரண்டு துணி கொடுக்க வேண்டும்.

துணி என்பது அப்போது எப்படிப்பட்ட பொருள் என்று இன்றைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தோட்டத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வேலைக்குப் போனார்கள். என்னிடம் மூன்று சேலைகள் இருந்தன. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, மகளுக்குத் தொட்டிலாக ஒன்று.

தண்ணீர்க் குழாயடியில் பெண்களுக்கு இதே பேச்சு.

"பிள்ளைத்தாச்சிய படுக்க வைக்கிற மாதிரி மெத்தை போட்டுப் படுக்க வைக்கணுமாம் அத."

"நம்மள எவன் அப்படிப் படுக்க வச்சான்?"

"ரெக்கைக்கு என் சீலை. எனக்கு? ரெக்கைய கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுலா உன் வீட்டுக்காரர."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தொட்டில் சேலையைத் தடவிப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நான் பிறந்தது பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவுக்குப் புகைவீட்டில் வேலை. ரப்பர்ப் பால் உறைந்து, தகடாகி, புகையில் தொங்கிப் பழுப்பேறும் ஷீட்டுகளுக்கு நடுவேதான் வளர்ந்தேன். அந்த நேரத்தில் ஷீட்டு வாங்க ஆளில்லாமல் ஸ்டோர்களில் கிடந்தது.

"என்னங்க, துணிக்குப் பதிலா ஷீட்டு விரிக்கலாமே. துணிய விட மெத்துன்னு இருக்கும்" என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. ஷீட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஜப்பான் அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரிக்கும் பிடித்துப்போயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் புகைவீட்டையும் ஸ்டோரையும் மேற்பார்க்கும் மண்டோருக்குச் சொல்லி அனுப்பினார்கள். மண்டோர் அண்ணன் மாட்டு வண்டியில் ஷீட்டு கொண்டுவந்து இறக்கினார். எங்களுக்குப் பழக்கமானவர்தான். வரும்போதெல்லாம் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார்.

"பாத்தியா தங்கச்சி, நம்ம ஷீட்டு வெள்ளைக்காரன் காருக்கு டயரா போச்சு, இப்ப ஜப்பான்காரன் ரெக்கைக்கு மெத்தையா போவுது. என் காலுக்குத்தான் ஒரு செருப்பு இல்ல" என்றார்.

முதல் இறக்கை ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அதிகாரி கணவரைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டி, ஒரு பொட்டலம் சீனி கொடுத்தார். குவார்ட்டர்ஸ் பெண்கள் என்னை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் சேலைகள் தப்பித்தன. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது இறக்கை பத்து நாள் கழித்து வந்தது. முதலாவதை விடப் பெரியது. அதன் பின்பக்க விளிம்பில் ஒரு நீண்ட பாகம் உலோகம் இல்லை, துணியை இறுக்கிப் போர்த்திச் சாயம் பூசியது. நாற்பது பேர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒருவர் காலடி பார்த்து இன்னொருவர் வைத்து, ஸ்டேஷன் சாலையில் வந்தார்கள்.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவருக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். தாங்கியில் ஷீட்டு விரித்திருந்தது. கிட்டே போனதும் வாடை வந்தது. புகை வாடை இல்லை. புளித்த பால் வாடை. நிறமும் பழுப்பில்லை, வெளிறிப்போய் இருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். விரல் ரேகை அப்படியே பதிந்து நின்றது.

பச்சை ஷீட்டு. புகை போடாதது. வெயிலும் பாரமும் சேர்ந்தால் அது இளகிப் பசையாகிவிடும், கீழே இருப்பதும் மேலே இருப்பதும் ஒன்றாகிவிடும். அப்பா எத்தனையோ தடவை சொன்னது.

கணவர் பத்தடி தூரத்தில் நின்றார். அவர் பக்கத்தில் அதிகாரி. நாற்பது பேரும் இறக்கையை மெல்லத் தாங்கிமேல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது நான் போய்ச் சொன்னால் திரும்பவும் தூக்கச் சொல்ல வேண்டும். அதிகாரி முதலில் கணவரைத்தான் அறைவார். ஒருவேளை நான் நினைப்பது தவறாக இருந்தால்? ஷீட்டும் ஷீட்டும் ஒட்டிக்கொள்ளும் என்றுதானே அப்பா சொன்னார், சாயம் பூசிய உலோகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. மழை வரும் போலவும் இருந்தது. மழை வந்தால் சூடு இருக்காது. மகள் வேறு சிணுங்க ஆரம்பித்தாள். கஞ்சித் தூக்கை அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. மழை வரவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லியிருக்கலாம். போன வண்டியைத் திருப்ப முடியாது, அவருக்கும் பயத்தைக் கொடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். இதை நான் இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு நாள் வழியில் நின்று நின்று, வெயிலில் காய்ந்து வண்டி பிறை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததும் டெலிபோன் வந்தது. சிங்கப்பூர் வண்டிக்கு மாற்ற இறக்கையைத் தூக்கியபோது அது ஷீட்டோடு ஒட்டிக்கொண்டதால் எழும்பவில்லை. இழுத்ததில் பின் விளிம்புத் துணி முழுதும் கிழிந்து ஷீட்டோடு போய்விட்டது. மறுநாள் காலை விசாரணை.

அன்று விடிந்ததிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "முதல் தடவை ஒட்டல. இந்தத் தடவை ஏன் ஒட்டுச்சு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"பச்சை ஷீட்டா இருக்கும்ங்க. புகை போடாம அனுப்பியிருப்பாங்க" என்றேன்.

"அப்ப தப்பு தோட்டத்துலதான்?"

"ஆமா."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதைப் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் படியிறங்கிய பிறகுதான் ஜன்னல் வழியாக ஸ்டேஷன் முற்றத்தைப் பார்த்தேன். அங்கே ஆளுயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. என்ஜினுக்கு நிலக்கரி வருவது நின்றுபோய், எல்லாம் விறகில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பாக்கார் ஆராங் பக்கம் வெட்டி வந்தது போதாமல், மூன்று வாரத்துக்கு முன்பு அதே தோட்டத்துப் புகைவீட்டு விறகு முழுதையும் எடுத்துவந்தார்கள். உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் என் கணவர். அந்த விறகின் சிராய்களைப் பொறுக்கித்தான் நான் அடுப்பெரித்துக்கொண்டிருந்தேன். விறகில்லாமல் மண்டோர் அண்ணன் எதைக் கொண்டு புகை போடுவார்? புகை போட்ட பழைய ஷீட்டு முதல் இறக்கைக்கே தீர்ந்திருந்தது. ஷீட்டு அனுப்பு என்று உத்தரவு வந்தது, இருந்ததை அனுப்பினார்.

மத்தியானம் கணவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். இடது காதில் ரத்தம் உறைந்திருந்தது. நான்கு அறை, அவ்வளவுதான், வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றார். ஷீட்டு புகை போடாதது என்று இவர் சொன்னதும், மண்டோரைக் கூட்டிவந்து கேட்டிருக்கிறார்கள். அவர் விறகு இல்லை என்று சொல்லச் சொல்ல அடித்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து அடுத்துப் போகும் சயாம் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

"வெறகை நாமதான் எடுத்தோம்னு நீங்க சொல்லலையா?"

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் பதில் கேட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மண்டோரின் மனைவி வந்தார். கையில் ஒரு கட்டுக் கீரை, பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகள். திட்ட வந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"தங்கச்சி, நீ படிச்ச புள்ள. ஜப்பான் அதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கொடு. உன் வீட்டுக்காரரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ளதத்தான் சொன்னாரு. எங்க ஆளு பக்கத்தையும் எழுதிக் கொடுத்தா, படிச்சுப் பார்த்து விட்டுடுவாங்கல்ல?"

கூலிமில் ஏழாவது வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் நான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் ஆபத்து. மலாயில் எழுதினேன். அவர் எத்தனை வருஷம் வேலை பார்த்தார், எப்படிப்பட்டவர், வீட்டில் யார் யார் என்றெல்லாம் எழுதினேன். ஷீட்டு ஏன் புகை காணவில்லை என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. விறகை ரயிலுக்காக எடுத்தார்கள் என்று எழுதினால், யார் எடுத்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அது எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே மகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் விறகுத் தட்டுப்பாடு இருந்தது என்று மட்டும் எழுதினேன்.

"படிச்சுக் காட்டு தங்கச்சி."

மலாயில் படித்து, தமிழில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வெறக ரயிலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு போட்டியா? அதான முக்கியம்."

"போட்டிருக்கேன்க்கா" என்றேன்.

அவர் விரலை மையில் தொட்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார்.

இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, பதில் வந்ததா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் கீரை கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகப்படுவாரோ என்று வாங்கிக்கொண்டேன். சமைத்து மகளுக்கும் ஊட்டினேன். பதில் வரவில்லை. மண்டோர் அண்ணனை ஏற்றிய வண்டியும் எங்கள் ஸ்டேஷனிலிருந்துதான் புறப்பட்டது. கணவர் அன்று வேலையில் இருந்தார். வந்ததும் நேரே போய்க் குளித்தார். அவர் இடது காதில் இன்றும் சரியாகக் கேட்காது.

அந்த வரியை எழுதியிருந்தாலும் அந்த மனுவை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். படித்திருந்தால் அண்ணனோடு என் கணவரும் போயிருப்பார், வேறொன்றும் நடந்திருக்காது என்றும் சொல்லிக்கொள்வேன். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அக்கா கேட்டபோது நான் சொன்ன பதிலுக்கு இவை இரண்டும் சமாதானமாகவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. அக்கா இன்னமும் அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறார். சந்தையில் பார்த்தால் நின்று பேசுவார், என் மகளின் கன்னத்தைத் தொட்டு எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்பார். கணவரை விசாரிப்பார். தமிழில் எழுதியதைக்கூட அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுதும் தைரியம் எனக்கு வந்ததோ என்றும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அன்று அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். நன்றாகப் படிக்கிறாள், கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாளாம். போன வாரம் சந்தையில் அக்காவே சொன்னார்.