செருப்புக்காரர் எடுத்த அளவு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர்தான் செருப்புக்கடைக்காரர். ஆனால் எந்தக் காலையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவார். நடைபாதையில் ஒற்றை ஊசியோடு உட்கார்ந்து, யார் தயவும் இல்லாமல் மாடிக் கடை எழுப்பிய கை அது. அப்பேர்ப்பட்டவர் காதில் பூச்சுற்ற முடியுமா?

மறதி நோய் வந்த மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்து நாலு மாதம். தன் கையாலேயே ஒரு ஜோடி செருப்பு தைத்துக் கொடுத்திருந்தார். தினமும் இரண்டு வேளை நடக்க வைக்கிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது செருப்பைத் திருப்பிப் பார்த்தார். குதிகால் ஓரம் தேய்ந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது. நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், இப்படியே விட்டால் படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். கையும் களவுமாகப் பிடித்து அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவதென்று, மறுநாள் மதியம் சொல்லாமல் போய் நின்றார்.

மனைவி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். பணிப்பெண் அவளைப் பிடித்து இழுக்காமல், முழங்கையை மட்டும் தாங்கி, அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்தாள். மனைவியின் காலில் பட்டை வைத்த பழைய துணிச் செருப்பு.

"நான் தைச்சது எங்கே? யாருக்குக் குடுத்தே?"

"அலமாரியில இருக்குங்க ஐயா. அதைப் போட்டா நாலு எட்டுல நின்னுடுறாங்க. சுண்டுவிரல் செவந்துபோச்சு. வலிக்குதுன்னு சொல்லத் தெரியலை அவங்களுக்கு."

"அவ கால் எனக்குத் தெரியாதா? கல்யாணமான வருஷமே செருப்புத் தைக்க அவ கால் அளவுல மர அச்சு செதுக்கினவன் நான்."

"இப்போ கால் வீங்குதுங்க. ரெண்டு தடவை சொன்னேன். என் கை தப்பாதுன்னுட்டீங்க."

அவர் நம்பவில்லை. பையிலிருந்து அளவு நூலை எடுத்துக் குனிந்தார். மனைவி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாருய்யா நீ? என் வீட்டுக்காரர் பார்த்தா தோலை உரிச்சிடுவாரு."

அவர் இரண்டடி பின்வாங்கி, நூலைப் பணிப்பெண்ணிடம் நீட்டினார். அவளிடம் மட்டும் கால் மறுபேச்சில்லாமல் நீண்டது. அச்சைவிட ஒன்றரை விரல்கடை கூடுதல்.

"நல்லா இறுக்கிப் பிடிச்சியாம்மா?"

"பிடிச்சேங்க."

"இன்னொரு தடவை பிடி."

அதே ஒன்றரை விரல்கடை. நூலில் முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கூட்டிப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வேற கொண்டாரேன். அதுவரைக்கும் இதையே போட்டு நடக்க விடு," என்றார். இரண்டு எட்டு வைத்துத் திரும்பி, "எப்போ வருவேன்னு சொல்ல மாட்டேன். மூணு மணிக்கும் வருவேன், நாலு மணிக்கும் வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.