வீட்டுக்காரர் தந்த தகர டப்பா

என் மோட்டார்க் கடையில், நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தகர டப்பா ஒன்று தொங்குகிறது. பால்பவுடர் வந்த டப்பா. வாயோரம் இரண்டு துளை போட்டுக் குறுக்கே ஒரு மரக்கட்டையைச் செருகியிருக்கும். அந்தக் கட்டையில் நீளக் கம்பைக் கட்டி, கிணற்றுக்குள் விட்டுத் தண்ணீர் மொள்ளுவார்கள். கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, அஞ்சு குதிரை மோட்டார் விக்கிற எடத்துல இந்த டப்பா எதுக்கு?" என்று கேலி பேசுவார்கள். "அது விக்கதுக்கு இல்ல வே" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இதை எழுதுகிறவன் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டுக் கிணறு வெட்டில் மண்கூடை சுமக்கப் போனவன். நாகலாபுரத்தில் மூன்று பேர் தோண்டிக் கைவிட்ட கிணற்றில் இறங்கி, எண்பதடியில் பாறையை உடைத்துத் தண்ணீர் காட்டியவன். புதியம்புத்தூரில் தையல் கம்பெனிகளில் பாதிக்கு நான் போட்ட தண்ணீர் மோட்டார்தான் ஓடுகிறது. குளத்தூரில், உப்பளத்துக்குப் பக்கத்தில், எல்லாரும் உப்பென்று கைகழுவிய கிணற்றை மூன்று நாள் ஒட்ட இறைத்து, அடியில் தூர் வாரி, நல்ல ஊற்றைத் திறந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தத் தெரு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அதற்கு ஒருவரும் எனக்கு மாலை போடவில்லை, அது வேறு கதை. கோவில்பட்டியில் கடை, மாடி வீடு, மூன்று பெண்களுக்குக் கல்யாணம், எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தவை. இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

மூன்றாவது மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு மாலத்தீவில் வாத்தியார் வேலை, மகளும் அங்கேதான் இருந்தாள். தலைநகரத்தில் இறங்கி, அங்கிருந்து படகில் ஒரு பகல் போக வேண்டிய சின்னத் தீவு. சுனாமி வந்த வருஷம், கார்த்திகை மாதம், பள்ளிக்கூடம் லீவு விடுகிற சமயத்தில் நான் போனேன். பத்து நாள் இருந்துவிட்டு மூன்று பேருமாக ஊர் திரும்புவதாகத் திட்டம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது என் பெட்டிக்குள் வேட்டி நான்குதான். மீதி இடமெல்லாம் அரைக் குதிரை மோட்டாரும் ஹோஸ் குழாயும்.

அந்தத் தீவை எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. எங்கள் கரிசலில் மழைக்குப் பின் நடந்தால் காலோடு ஒரு படி மண் கூட வரும். அங்கே காலில் ஒட்ட மண்ணே கிடையாது. உடைந்த சங்கும் பவளக்கல்லும் பொடியானதுதான் தரை. எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து நிமிடத்தில் கடல் வந்து நின்றது. பஸ் இல்லை, ரோடு இல்லை. சாயங்காலம் பெண்கள் தெருவைக் கூட்டி வைத்தால் மறுநாள் காலை வரை அவர்கள் துடைப்பத்தின் கோடு அழியாமல் கிடக்கும். இப்படி ஓர் ஊரில் ஆறடியில் தண்ணீர்! வெடி வைத்து எண்பதடி போனவன் நான். அங்கே முழங்காலிட்டு எட்டிப் பார்த்தால் என் முகம் தெரிந்தது. அள்ளிக் குடித்தேன், இளநீர் மாதிரி இருந்தது.

அந்தக் கிணறு வீட்டுக்காரருடையது. மாப்பிள்ளை குடியிருந்தது அவருடைய பின்கட்டில். என் வயதுதான் அவருக்கும். வெங்காயமும் காய்கறியும் ஏற்ற வரும் கப்பலில் மாலுமியாகப் பல வருஷம் தூத்துக்குடிக்கு வந்து போனவர். துறைமுகத்துக் கடைகளில் கற்ற தமிழைச் சில்லறை மாதிரி எண்ணி எண்ணிப் பேசுவார். என்னையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். அவர் வீட்டோடு சேர்த்து நான்கு வீட்டுக்கு அந்தக் கிணறுதான் குடிதண்ணீர். எல்லாரும் கம்பில் கட்டிய டப்பாவால், பால் ஏடு எடுக்கிற மாதிரி, மேல் தண்ணீரை மட்டும் மொண்டு எடுப்பார்கள்.

என் மகளும் அப்படி மொண்டுகொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கு மானம் போயிற்று. மோட்டார்க் கடைக்காரன் மகள் டப்பாவில் தண்ணீர் எடுப்பதா? மோட்டாரைத் தூக்கி வந்து கிணற்றோரம் வைத்தேன்.

"அப்பா, சும்மா இருங்கப்பா. இங்கன எல்லாரும் இப்படித்தான் மொள்ளுதாவ" என்றாள்.

"ஏட்டி, அவுகளுக்கு ஒங்கப்பன் இல்லை, அதான் மொள்ளுதாவ."

மாப்பிள்ளை சயின்ஸ் வாத்தியார். தயங்கித் தயங்கி வந்தார். "மாமா, இங்க அடியில பூரா உப்புத் தண்ணி. நல்ல தண்ணி அதுமேல ஒரு ஏடாத்தான் நிக்கு" என்றார்.

"மாப்ளே, நீங்க புஸ்தகத்துல படிச்சிய. நான் கெணத்துக்குள்ள எறங்கிப் படிச்சேன்" என்றேன். மாமனாரோடு மல்லுக்கட்டாமல் அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

வீட்டுக்காரர் மட்டும் கிணற்றின் விளிம்புக் கல்லில் வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, மெல்ல. கொஞ்சம் கொஞ்சம்" என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். எனக்குச் சிரிப்பு. எங்கள் ஊர் வழக்கம் வேறு. கோடையில் கிணற்றை ஒட்ட இறைத்துத் தூர் வாரினால்தான் ஊற்றுக்கண் திறக்கும், வருஷம் பூராவும் தண்ணீர் நிற்கும். விருந்தாளியாக வந்த எனக்கு அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுவே என்று நினைத்தேன். சுவிட்சைப் போட்டு அன்றைக்குப் பகல் முழுவதும் இறைத்தேன். நான்கு வீட்டு அண்டாவும் நிறைந்தது, தென்னைகளுக்கெல்லாம் பாய்ந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வீட்டுக்காரரும் கடைசியில் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை மகள் தந்த டீயில் உப்புக் கரித்தது. சீனியை அள்ளிப் போட்டு மறைத்திருந்தாள், மறையவில்லை. வெளியே வந்தேன். வீட்டுக்காரரின் மனைவி ஒரு டப்பா மொண்டு வாயில் வைத்தார். கொட்டினார். இன்னொரு டப்பா மொண்டார். அதையும் கொட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

நான் அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். குளத்தூரில் ஜெயித்தது கண்ணை மறைத்தது. கெட்ட தண்ணீர் வெளியே போனால் நல்லது ஊறும் என்று மறுபடி மோட்டாரைப் போட்டேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். வயரைப் பிடுங்கி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போதும் அண்ணாச்சி. கடல் வருது" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அந்த வழியும் இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு படகு வர ஐந்து நாள். எங்கள் ஊரில் ஒரு கிணறு பொய்த்தால் லாரித் தண்ணீருக்குச் சொல்லுவேன். ஆழ்துளை போடுகிற ரிக் வண்டிக்காரனைக் கூப்பிடுவேன். எனக்குத் தெரியாத இன்ஜினியர் இல்லை. அந்தத் தீவில் யாரைக் கூப்பிட? காலையும் மாலையும் தீவைச் சுற்றி நடந்தேன். சுற்றி முடித்து வந்து எட்டிப் பார்த்தால் கிணறு நேற்றுப் போலவே நிறைந்து, தெளிந்து, என் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். விரலை விட்டு நக்குவேன். உப்பு. வீட்டுக்காரர் பள்ளிவாசல் மழைத்தொட்டியில் வரிசையில் நின்று ஒரு குடம் தண்ணீர் வாங்கி வந்து, முதலில் எங்கள் வாசலில் பாதியை ஊற்றிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

புறப்படும்போது வீட்டுக்காரர் கம்பிலிருந்து டப்பாவை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். கிணற்றை ஓலையால் மூடியாயிற்று, அவருக்கு அது இப்போது வேண்டாம். "மழை வரும், தண்ணி நல்லா ஆகும். அப்ப கொண்டு வாங்க அண்ணாச்சி. மோட்டார் வேணாம்" என்றார். படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நாங்கள் கோவில்பட்டிக்கு வந்து மூன்றாவது வாரம் கடல் அந்தத் தீவு மேலேயே ஏறி நடந்து போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை என்று பிறகு தெரிந்தது. மாப்பிள்ளை சாமான்களை எடுத்துவர மட்டும் தீவுக்குப் போனார், அங்கிருந்து போன் செய்தார். ஒரு கிணறு தப்பவில்லை, எல்லாம் உப்பு. அதிகாரிகள் வந்து வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரரிடம், கிணறு எதனால் கெட்டது என்று கேட்டபோது, "கடல்" என்றாராம்.

"பக்கத்துலதான் நின்னேன் மாமா. நானும் வாயத் தெறக்கல" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஊர் ஜனங்களை வேறு தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்காரர் எந்தத் தீவில் இருக்கிறார் என்று மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. நான் இறைத்ததால் ஏறிய உப்பு, கடல் வருவதற்குள் தணிந்திருந்ததா என்று கேட்க ஆளில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. தினமும் கடையைத் திறந்ததும் அதைத் துடைக்கிறேன். இப்போது துளையோரம் துருப்பிடிக்கிறது.

அவர் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னார் என்று என் மகள் சொல்கிறாள். நான் யாரிடமும் காப்பாற்றச் சொல்லவில்லை. மற்றக் கிணறுகளைக் கடல் கெடுத்தது, அவை கடலின் பேரிலேயே இருக்கட்டும். அந்த ஒன்றைக் கடலுக்கு முந்திக்கொண்டு கெடுத்தவன் நான். நாகலாபுரம் என் வேலை, குளத்தூர் என் வேலை என்றால் இதுவும் என் வேலைதான். அந்தப் பட்டியல் எந்த ஆபீசில் இருந்தாலும் சரி, அந்த வீட்டுக் கிணற்றுக்கு நேரே கடல் என்றிருப்பதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதுங்கள்.