பின்னால் எடுக்காத லாரி

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு வேண்டாம், தீர்ப்புக்காகப் பேசும் மேடைகள் எனக்குப் பழக்கமானவை. ஒலிபெருக்கி நின்றுபோன அரங்கிலும் கடைசி வரிசைவரை என் குரல் எட்டியிருக்கிறது. அப்படிப்பட்டவன், ஒரு முற்பகலில், மூன்றே மூன்று சொற்களை உரக்கச் சொல்லக் கூசினேன். அதன்பின் என் காதில் விழுந்ததை, விழுந்தபடியே உங்கள் முன் வைக்கிறேன்.

கனரக வாகன உரிமத் தேர்வுக்கு லாரியை நாமே கொண்டுபோக வேண்டும். கோவில்பட்டியில் நான் பழகிய பயிற்சிப்பள்ளிக்கு இருந்தது ஒரே லாரி. தேர்வுக்கு முந்தைய நாள் அதன் கியர்பெட்டி உடைந்தது. என் பழகுநர் உரிமமோ அந்த வாரத்தோடு முடிகிறது. தேர்வு தவறினால், குளத்தூரில் உப்பு லாரி ஓட்ட எனக்கென்று சொல்லிவைத்திருந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். பட்டிமன்றங்கள் வீடு நிறையக் கேடயங்கள் தந்திருந்தன, சோறு தந்ததில்லை.

"ஏலே, மேடையில அந்தப் பேச்சு பேசுதியே, பேசியே ஒரு லாரியக் கொண்டாந்துரு பாப்போம்," என்று சிரித்தார் பயிற்சிப்பள்ளிக்காரர்.

கயத்தாற்றில் சாலையோரம் நின்ற லாரிக்காரர்கள் எல்லோரிடமும் பேசித் தோற்றேன். அவர்களில் ஒருவர்தான் புதூர்ப் பக்கம் ஒரு கரி லாரி ஓட்டமில்லாமல் சும்மா நிற்பதாகச் சொன்னார்.

போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். காற்று செத்துக் கிடந்தது. தூரத்துக் காற்றாலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. கரிசல் நிலம் கால் புதையும் அகலத்துக்கு வெடித்திருந்தது. உடைமுள் வேலிக்குள் லாரி நின்றது. அந்த வேலியில் எதிரெதிராக இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறிய சக்கரத்தடங்கள் மட்டுமே மண்ணில் தெரிந்தன. திருப்பிய தடம் எங்கும் இல்லை.

உரிமையாளர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"வண்டிக்குப் பேப்பரெல்லாம் சரியா இருக்கு தம்பி. கொண்டு போங்க. பின்னால மட்டும் எடுக்கப்படாது."

"அண்ணாச்சி, பரிட்சையே அதுலதான இருக்கு?"

அவர் லாரியின் பின்பலகையைப் பார்க்காமலேயே சொன்னார். போன கோடையில், விறகை மண்ணால் மூடிக் கரியாக்கிய மூட்டத்தைப் பிரித்த இடத்தில், சரக்கேற்ற இந்த வண்டியைப் பின்னால் எடுத்தவர் அவர். கிளீனராக இருந்த சொந்தத் தம்பி பின்னால் நின்று பலகையைத் தட்டி வழிகாட்டியிருக்கிறார். இரண்டு தட்டினால் வரலாம். ஒன்று தட்டினால் நிற்க வேண்டும். தம்பியின் கால் நிலவெடிப்பில் சிக்கிக்கொண்டது.

"எனக்கு ஒத்தத் தட்டு ஒண்ணும் கேக்கல தம்பி. தட்டுனானான்னே தெரியல. வந்துக்கிட்டே இருந்துட்டேன்."

எனக்கு வேறு வழியில்லை என்று கண்டதும் ஒரு நிபந்தனை விதித்தார். "எடுக்க முன்ன இறங்கிப் பின்னால போங்க. 'பின்னால வாரேன், ஒதுங்கிக்கோ'ன்னு அவன்கிட்டச் சத்தமாச் சொல்லிட்டு எடுங்க."

தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவரே லாரியைத் தேர்வுத் திடலுக்கு ஓட்டிவந்தார். வாசலில் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஆய்வாளர் என் பக்கத்தில் ஏறினார். முன்னால் ஓட்டிக் காட்டியது பிழையின்றி முடிந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னோக்கிப் போய் நிறுத்தச் சொன்னார். வேலியோரம் தேர்வுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களில் என் பேச்சுக்குக் கை தட்டியவர்களும் இருந்தார்கள். ஆளில்லாத இடத்தைப் பார்த்து ஒதுங்கச் சொல்வதா? நான் இறங்கவில்லை. பின்கியரைப் போட்டேன்.

லாரி அசைந்து ஒரு முழம் போயிருக்கும்.

பின்பலகையில் ஒரு தட்டு விழுந்தது.

உள்ளங்கையை விரித்துப் பலகையில் அறைந்த சத்தம். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"யாருய்யா அங்க தட்டுதது? பின்னால ஆளு நிறுத்தக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் ஆய்வாளர். அவருக்கும் கேட்டிருந்தது.

இருவரும் இறங்கிப் போனோம். யாரும் இல்லை. பலகை முழுக்கக் கரித்தூள் படிந்திருந்தது. அதில் ஒரு விரலின் தடம்கூட இல்லை.

வேலியோரமிருந்து ஒருவன் கத்தினான்: "என்ன பேச்சாளரே, லாரி எதிர்வாதம் பேசுதோ?" சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, பலகையைப் பார்த்து, "பின்னால வாரேன், ஒதுங்கிக்கோ" என்றேன். மேடைக்குரல் வரவில்லை. ஆயினும் சத்தமாகத்தான் சொன்னேன். ஆய்வாளர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

மறுபடி எடுத்தேன். கம்பங்களுக்கு நடுவே லாரி நேராகப் போய் நின்றது. பலகையில் ஓசையே இல்லை.

தேர்ச்சி என்று சொல்லப்பட்டது. திரும்பும் வழியில் புதூர்வரை உரிமையாளரே ஓட்டினார். ஒரு வாசலில் நுழைந்து, வேலிக்குள் வண்டியை நிறுத்தியபின், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"தட்டுனானோ?"

"தட்டுனாரு அண்ணாச்சி."

"எத்தன?"

"ஒண்ணு."

அவர் நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்தார். "அப்பம் அன்னைக்கும் தட்டிருக்கான்," என்றார். "தட்டிருக்கான். எனக்குத்தான் கேக்கல."

நான் இறங்கிப் பின்பக்கம் போனேன். வெடித்த கரிசலில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பலகைக்கு நேராக நின்று, அண்ணன்காரருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"இனிமே எந்த வண்டியில ஏறுனாலும், இறங்கி வந்து சொல்லாம பின்னால எடுக்க மாட்டேன்."